திருகோணமலைக்கு எதில் போவது

அக்கா வன்னிக்குள் இருக்கிற கண்டாவளையிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஒரே எண்ணம்தான். கதிர்காமத்துக்கு நடக்க வேண்டும். மலேரியா மூளைக்கு ஏறி நினைவில்லாமல் கிடந்த மகன் கண் விழித்தால் நடந்து வருகிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டாள். அவனும் விழித்துவிட்டான். இனி முருகனைக் காக்க வைக்கக் கூடாதாம். பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, காட்டுப் பாதையால் வந்து, புலிகள், ஆமி என்று இரண்டு பக்கத்துச் சோதனைகளையும் தாண்டி, வவுனியா நெளுக்குளத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

நடக்கிற கூட்டம் புறப்படுவது திருகோணமலையில். அதுவரைக்கும் போவதுதான் சிக்கல். கண்டாவளை என்று போட்ட அடையாள அட்டையோடு போகிறவள் வழியில் யாருக்காவது சந்தேகத்தைக் கொடுத்தால் அப்படியே இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு பிள்ளை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். வவுனியாவில் தங்க ஆமி கொடுத்த அவளுடைய பாஸுக்குப் பிணை நின்றவள் நான் என்பதால் அடுத்ததாக என் கதவைத்தான் தட்டுவார்கள்.

"பேசாமல் இஞ்சயிருந்தே நடப்பமே" என்றாள் அக்கா. "நடக்கிற நேர்த்திக்கு வாகனம் ஏறினா அது என்ன நேர்த்தி?"

"ஓம், நட. காட்டுக்குள்ள முருகன் வந்து உன்ர பாஸைப் பாப்பார்" என்றேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும்.

ரயிலை யோசித்தோம். தெற்கே மாகோவரை போய் இறங்கி, மற்ற ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் சிங்களம் ஒரு சொல் தெரியாது. அந்த மேடையில் யாராவது வந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் முழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரயில் வேண்டாம் என்று விட்டோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் நானா இருந்தார். அரிசி வியாபாரம். அடிக்கடி லொறியில் திருகோணமலை போய்வருபவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"வாறதெண்டா வாங்க தங்கச்சி, நான் மாட்டனெண்டு சொல்லல்ல" என்றார். "ஆனா மூட்டை மூட்டையா இறக்கிக் கம்பியால குத்திப் பாப்பாங்க. அது முடியுமட்டும் நீங்க ரெண்டு பேரும் தனியா வெயில்ல நிப்பீங்க. உங்களையே பாத்துக்கொண்டிருப்பாங்க. பஸ்ஸெண்டா கூட்டத்தோட கூட்டம்."

பஸ் என்று முடிவாயிற்று. பஸ்ஸை நினைத்தும் எனக்கு நித்திரை வரவில்லை. கண்ணிவெடி, இருக்கைக்குக் கீழே யாரோ விட்டுப்போன பை, எதைத்தான் நினைக்காமல் இருப்பது? ஆனாலும் எல்லாவற்றையும் விட என்னைப் பயமுறுத்தியது அக்காவின் ஒரு பழக்கம். ஹெலிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குப்புற விழுவாள். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றிக்கொள்வாள். வன்னிக்குள் குண்டுவீச்சுக்கு நடுவில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அது உடம்பில் ஊறிய பழக்கம். வவுனியாவில் ஒருவரும் அப்படி விழுவதில்லை. சனத்துக்கு நடுவில் ஒருமுறை விழுந்தால் போதும், எங்கிருந்து வந்தவள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

குசினியில் வைத்து அவளைப் பழக்கினேன். ஆமி முகாமுக்குப் போகிற ஹெலி மேலே கேட்கும்போதெல்லாம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் சரிவாள், நான் கத்துவேன். "எழும்பு. விழாத. மரம்மாதிரி நில். நானும் வன்னியிலயிருந்து வந்து நாலு வருசம், நான் விழுறனோ?" அவள் எழும்பி நிற்பாள். புறப்படுகிற கிழமையில் சத்தம் கேட்டாலும் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள்.

பஸ் புறப்பட்டு இரண்டாவது சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பைகளைத் திறந்து காட்டியபடி வரிசையில் நகர வேண்டும். அக்கா எனக்கு முன்னால் நின்றாள். அவளுடைய காவித் துணியையும் செம்பு வேலாயுதத்தையும் ஆமிக்காரன் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கண் முழுக்க அவன் கையில்தான்.

அப்போது மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹெலி, கிளைகளை உரசுகிற உயரத்தில், திடீரென்று வந்தது.

வாயில் மண். காது இரண்டையும் பொத்தியிருந்தேன். முழங்கை சரளைக்கல்லில் குத்தியது. ஹெலி போன பிறகுதான் கண்ணைத் திறந்தேன். என்னைச் சுற்றிக் கால்கள் தெரிந்தன. எல்லாம் நின்றுகொண்டிருந்த கால்கள். விழுந்து கிடந்தவள் நான் ஒருத்திதான். ஒரு துவக்கின் முனை என் பக்கம் திரும்பியிருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். எழும்பவும் முடியவில்லை, உடம்பு உதறியது. அதற்குள் அக்கா என் பக்கத்தில் குந்திவிட்டாள். முந்தானையில் முடிந்திருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி இறுக்கினாள். "வலிப்பு" என்றாள் துவக்கை நீட்டிய ஆமிப் பெடியனைப் பார்த்து. "வலிப்பு ஐயா, வலிப்பு."

வயதான ஆமிக்காரர் ஒருவர் வந்தார். என் கையிலிருந்த இரும்பைப் பார்த்தார். அவர்கள் ஊரிலும் வலிப்புக்கு இரும்புதான் கொடுப்பார்கள்போல. துவக்கைக் கையால் தாழ்த்திவிட்டு நிழலைக் காட்டினார். பிறகு அக்காவின் பாஸை வாங்கிப் பார்த்து, தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். நான் நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகும் என் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

பஸ் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டேன், "அக்கா, உனக்கு ஹெலிச் சத்தம் கேக்கேல்லையா?"

"கேட்டது. உன்னைத்தான் திரும்பிப் பாத்தன்" என்றாள். "வந்த நாள் தொட்டுப் பாக்கிறன். என்னை விழாதே எண்டு கத்துற நேரமெல்லாம் உன்ர ரெண்டு கையும் காதடிக்குப் போய்த்தான் வரும். நீ விழுவாய் எண்டு தெரியும். அதுதான் உனக்கு முன்னால போய் நிண்டனான்."

எனக்கு அழுகை வந்தது. அவளை அல்லவா நான் காப்பாற்றிக் கூட்டிப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருகோணமலையில் அவளைக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வீடு திரும்புவதாகத்தான் ஏற்பாடு. காலையில் பஸ் நிலையத்துக்குப் போனேன். வவுனியா பஸ் இரைந்துகொண்டு நின்றது. ஏறவில்லை. அந்தச் சாவடியில் இன்னொருமுறை விழுந்தால் வலிப்பு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஓடிப்போய்க் கூட்டத்தைப் பிடித்தேன். அக்கா தன் பைகளில் ஒன்றை என் தோளில் மாட்டிவிட்டாள். வழியில் ஒரு அம்மா என்னிடம், "பிள்ளை, உனக்கு என்ன நேர்த்தி?" என்று கேட்டார். பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன். கதிர்காமம்வரை நடந்தேன்.