ஏழுமலை மேஸ்திரி குடிக்கமாட்டார்

ஏழுமலை மேஸ்திரி இறந்த செய்தி வந்தபோது அப்பா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை எச்சிலாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "மொதலாளி, மலையில பாலம் இடிஞ்சிடுச்சிங்க. நம்ம மேஸ்திரி உள்ள போயிட்டாருங்க" என்று வேலையாள் ஒருவர் அழுதது அடுப்படி வரை கேட்டது. அப்பா கேட்ட முதல் கேள்வி, "பாலம் முழுசா போச்சா, பாதி நிக்கிதா?" என்பது. போனை அணைத்ததும் அம்மாவிடம் "இன்னொண்ணு ஊத்து" என்றார். அம்மா ஊற்றினாள். மாவு கல்லில் பட்ட அந்தச் சத்தத்தைக் கேட்டதிலிருந்து நான் தோசையைத் தொடவில்லை.

மேஸ்திரியை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். கச்சிராயபாளையத்தில் உங்களில் பாதிப் பேரின் வீட்டுச் சுவர் அவர் பூசியது. நான் கான்ட்ராக்டரின் மகள், பிளஸ் ஒன் படிக்கிறேன். இதை எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுவதாலும் பயத்தாலும் கையெழுத்து கோணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் குடித்துவிட்டு ஓடையில் விழுந்தார், பாலம் பிறகுதான் வெள்ளத்தில் போனது என்று அன்று சாயங்காலத்துக்குள் நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் பிறந்தது. அப்பாவும் அவருடைய நண்பர்கள் இருவரும் முறுக்கு தின்றுகொண்டே அதைப் பேசி முடித்தார்கள். "செத்தவன் வந்து இல்லன்னு சொல்லப்போறானா?" என்று ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் அம்மாவோடு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அப்பா எழுதிக் கொடுத்த ஒரு தாளில் மேஸ்திரியின் மனைவி பச்சையம்மாவிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். மேஸ்திரி குடிப்பழக்கம் உள்ளவர் என்று அதில் இருந்தது. பச்சையம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, பத்தொம்பது வருசம் அந்த மனுசன் பக்கத்துல படுத்தவ நானு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த நாத்தம் வந்துச்சின்னு எனக்குத் தெரிஞ்சா நானே கைநாட்டு வெக்கிறேன். உங்க வூட்ல அந்த நாத்தம் வராத நாளு எதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாள். அம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பச்சையம்மா சொன்னது உண்மை என்பதற்கு நானே சாட்சி. ஆறு நாள் அவரோடு சீனாவில் இருந்தேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள். சிமெண்டு ஜாஸ்தியாக வாங்கும் கான்ட்ராக்டர்களைக் கம்பெனி வெளிநாடு கூட்டிப்போகும். அப்பாவுக்கு இரண்டு சீட்டு, மேஸ்திரிக்கு ஒன்று. அம்மாவுக்குப் பஸ்ஸே ஒத்துக்கொள்ளாது என்பதால் கோடை விடுமுறையில் இருந்த நான் போனேன். விமானத்தில் ஏறியதிலிருந்தே கான்ட்ராக்டர்கள் மேஸ்திரியைக் கேலி செய்தார்கள். "யோவ் மேஸ்திரி, ரசமட்டம் எடுத்தாந்தியா?" என்று, சுவரில் மட்டம் பார்க்கும் கருவியைச் சொல்லி ஒருவர் கேட்டார். "எடுத்தாந்திருந்தா உங்க தல மேல வெச்சிப் பாத்திருப்பேங்க. ராத்திரி போட்டது எறங்குச்சா இல்லியான்னு தெரிஞ்சிருக்கும்" என்றார் மேஸ்திரி. அப்பா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவர் அப்படித்தான் பேசுவார். சிரித்து முடித்த பிறகுதான் குத்தியது தெரியும்.

நான்காம் நாள் ஒரு பழைய கல் பாலத்தைப் பார்க்கப் போனோம். ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஆற்றின் குறுக்கே நிற்கிறதாம். வில்லை வளைத்துப் படுக்கவைத்தது போல ஒரே வளைவு. அதன் இரண்டு தோளிலும் சின்னச் சின்ன வளைவுகள் திறந்திருந்தன. வெள்ளம் வந்தால் அவற்றின் வழியே போய்விடும் என்று வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவுக்கு மேஸ்திரிக்குத் தமிழில் சொன்னேன். மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை. காலையிலேயே பஸ்ஸில் பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். ஒருவர் சாவியால் கைப்பிடிக் கல்லில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறினார். அந்தப் பெண் ஓடிவந்து கத்தினாள். இன்னொருவர் அவள் கத்துவதை வீடியோ எடுத்தார். அப்பா பாலத்தின் நடுவில் குனிந்து வாந்தி எடுத்தார். கல்லில் ஊறுகாயின் சிவப்பு எண்ணெய் வழிந்தது. நான் இவர் மகள் இல்லை என்பது போலத் தள்ளிப்போய் நின்றேன்.

மேஸ்திரி தள்ளிப் போகவில்லை. அப்பாவைத் தாங்கிக்கொண்டுபோய் பஸ்ஸில் படுக்கவைத்தார். திரும்பி வந்து தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, தோளில் கிடந்த துண்டால் அந்த இடத்தைத் துடைத்தார். வழிகாட்டிப் பெண் வேண்டாம் என்று தடுத்தாள். "யாரு வூட்டுப் பொருளோ பாப்பா. அசிங்கம் பண்ணிட்டுப் போவக் கூடாதுன்னு சொல்லு அந்தப் பொண்ணுக்கு" என்றார். "அசிங்கம்" என்பதற்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. மன்னிக்கவும் என்று மட்டும் சொன்னேன். மேஸ்திரி துண்டைப் பிழிந்துகொண்டே, "எனக்கு இந்த நாத்தம் சின்ன வயசுலேர்ந்தே ஆவாது. எங்கப்பன் குடிச்சிக் குடிச்சே எங்க எல்லாரையும் தெருவுல வுட்டான்" என்றார்.

பிறகு கரையில் இறங்கி, வளைவுக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்த சீனாக்காரர்கள் அவரைச் சுற்றிப்போனார்கள். "இதுல சிமெண்டு இல்லையாம் மேஸ்திரி. அந்தக் காலத்துல சிமெண்டே கிடையாதாம்" என்றேன். அவர் கல் இடுக்கைப் பார்த்துக்கொண்டே, "சிமெண்டு இல்லாத பாலம் நிக்குது. நாம சிமெண்டு போட்டதா எழுதிக் குடுத்த பாலம் நிக்குமா பாப்பா?" என்று கேட்டார்.

அவர் எந்தப் பாலத்தைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் அப்பா கல்வராயன் மலையில் ஓர் ஓடைக்குப் பாலம் கட்டக் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். அதற்கென்று வாங்கிய மூட்டைகள் எங்கள் ஷெட்டில் இறங்கின. பாதிதான் மலைக்கு ஏறியது. மீதி நைனார்பாளையம் பக்கம் ஒரு கடைக்குப் போனது. லாரி ஏற்றும்போது நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வாங்கியது எல்லாமே கம்பெனியின் பரிசுத் திட்டத்தில் சேர்ந்தது. எங்களைச் சீனாவுக்குக் கூட்டிப்போனது அந்த மூட்டைகள்தான். அங்கே நான் தின்ற ஒவ்வொரு வாய்ச் சோறும் மலைப் பிள்ளைகள் நடக்க வேண்டிய பாலத்திலிருந்து சுரண்டியது. இதை எழுதும்போது எனக்கு என் மீதே அருவருப்பாக இருக்கிறது.

மேஸ்திரியை நான் உத்தமர் ஆக்கப் பார்க்கவில்லை. அவர் அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார். "எங் கையாலதானே கலவையைக் கம்மியா போட்டேன். அவுரு சொன்னாரு, நான் செஞ்சேன்னு சொல்லிக்கினு தப்பிக்க முடியாது" என்று அந்த வளைவுக்கு அடியில் படுத்தபடியே சொன்னார். ஊர் திரும்பியதும் ஞாயிறுதோறும் மலைக்குப் போய் அந்தப் பாலத்தைப் பார்த்துவந்தார். மழை பிடித்ததும் விரிசல் கண்டது. அவரே முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார். பில் பாஸாகும் நேரம், அதிகாரி வருவார் என்று அப்பா ஆள் விட்டு முள்ளை எடுக்கச் சொன்னார். மேஸ்திரி மறுபடி போட்டார். மறுபடி எடுத்தார்கள். கடைசி நாள், பெருமழை பெய்து ஓடை நிரம்பிய காலையில், ஒரு பக்கம் முள்ளைப் போட்டுவிட்டு மறுபக்கத்தை அடைக்கப் பாலத்தின் மீது நடந்தார். நடுவில் போகும்போது பாலம் உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவந்த வேன் அந்த முள்ளைப் பார்த்துத்தான் நின்றது. வேன் டிரைவர் அன்றைக்கு டீக்கடையில் இதைச் சொல்லி அழுதார். அப்பா அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் அதே டிரைவர், "நான் ஒண்ணும் பாக்கலைங்க" என்றார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நாளை மறுநாள் பதினாறாம் நாள். படத்திறப்பு வைத்திருக்கிறார்கள். படத்தைத் திறந்துவைப்பவர் என் அப்பா. ஆட்டுக்கறி விருந்தும் அவர் செலவு. உங்களுக்கெல்லாம் அழைப்பு வந்திருக்கும். அங்கே வாசிப்பதற்கு அஞ்சலி எழுதித்தரும்படி என்னிடம் சொன்னார். "உங்க தமிழ் மிஸ்ஸு நீ நல்லா எழுதுறேன்னு சொன்னாங்களே. எங்க வூட்ல ஒருத்தன் மாதிரி இருந்தான்னு ஒரு வரி போடு. கடைசில, பசங்க குடிய வுடணும்னு அட்வைஸா ஒரு வரி போட்டுரு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் வாயிலிருந்து அந்த நாற்றம் வந்தது.

அவர் கேட்ட அஞ்சலியை நான் எழுதவில்லை. இதைத்தான் எழுதினேன்.

இறப்பதற்கு நான்கு நாள் முன்பு மேஸ்திரி கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். புது டைல்ஸில் சேறு படும் என்று வாசலிலேயே நின்றார். "மொதலாளி, கம்பி வெளிய தெரியுதுங்க. வேன் போவுதுங்க, புள்ளைங்க போவுதுங்க. ஆபீசுக்கு எழுதிக் குடுத்து வேன நிறுத்திடுங்க. எம்மேல தப்புன்னு வேணா எழுதுங்க" என்றார். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சீனாக்குப் போயி வந்தா இன்ஜினியர் ஆயிடுவியா நீ? போய் வேலயப் பாரு" என்றார். மேஸ்திரி படிக்கட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, "நான் சொன்னத நீ கேட்டியில்ல பாப்பா?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மேஸ்திரி கேட்ட அந்தக் கேள்வி மட்டும்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் இந்தத் தாள்களைப் பச்சையம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். படத்திறப்பில் வாசிப்பதா, போலீஸில் கொடுப்பதா என்பது அவள் விருப்பம். அதன் பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

கேட்டேன் மேஸ்திரி. நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன்.