வண்டு மருந்தும் என் பழ ஈக்களும்

பழ ஈ வளர்க்கும் தொழிலில் லீவு கிடையாது. தீபாவளியானாலும் ஈக்களைப் புதுப் புட்டிக்கு மாற்றியே ஆக வேண்டும். கைக்குழந்தைக்காரர்களும் கறவை மாடு வைத்திருப்பவர்களும் என் வலியைப் புரிந்துகொள்வார்கள்.

என்னம்மா வேலை?

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி நான். உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில், வாசல் போல ஒரு புரதம் உண்டு. அதற்கான ஜீன் எப்படி அமைந்திருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று பழ ஈயில் பார்க்கிறேன். அந்த ஜீன் கெட்டுப்போன ஈ வகை ஒன்று எங்களிடம் இருந்தது. அது அழிந்தால் என் பட்டமும் அம்போ. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் இதையெல்லாம் மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் சரிம்மா, மாம்பழத்துல ஈ மொய்க்காம இருக்க என்ன பண்ணணும்?"

நல்ல மூட்டை

ஈக்கு உணவு மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி சேர்த்துக் காய்ச்சும் கூழ். ஒருநாள் மாவு தீர்ந்துவிட்டது. மக்காச்சோளம் விளையும் குன்னத்தில் பிறந்துவிட்டு அதைக் கடையில் வாங்குவதா என்று எனக்குத் திமிர். "லேபுக்கு வேணும்ப்பா" என்றதும் அப்பா இருப்பதிலேயே நல்ல மூட்டையைப் பிரித்துக் கொடுத்தார். அரைத்துக் கூழ் காய்ச்சி, பத்திரத்துக்கென்று பக்கத்து அறையில் வைத்திருந்த உபரி உட்பட எல்லா ஈயையும் புதுப் புட்டிக்கு மாற்றினேன்.

மறுநாள் காலை அத்தனையும் மல்லாந்து கிடந்தன. அழுதுகொண்டே அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா சொன்னார்: "வண்டு விழக்கூடாதுன்னு மருந்து கலந்து வச்சிருந்தேன் பாப்பா. நீ பூச்சி வளக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே!"

அரியலூர்க் கிளை

எந்த ஈ வகையானாலும் ஒரு புட்டியை வேறு இடத்தில் வைப்பது எங்கள் தொழில் வழக்கம். நாங்களெல்லாம் பக்கத்து அறையோடு ஒப்பேற்றுவோம். என் சீனியர் மீனா அக்கா மட்டும் அரியலூரில் தன் வீட்டிலேயே வைத்திருந்தார், வெயில் தாக்காமல் ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள். என் ஈயும் அங்கே இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அடுத்த பஸ்ஸில் அவரோடு ஓடினேன். ஜீன் கெட்டதால் பறக்கத் தெம்பில்லாத என் ஈக்கள் புட்டிக்குள் சோம்பலாக நடந்துகொண்டிருந்தன. இப்படியும் ஒரு மனுஷியா! காலில் விழாத குறைதான். காபி கொடுத்தபடி அக்காவின் கணவர் சொன்னார்: "எந்தங்கச்சி கல்யாணத்துக்கே இதுங்களையும் கூட்டிட்டுத்தாங்க வந்தா."

இரண்டு கோடு

பெருகிய ஈக்களை வைத்துச் சோதனை நடந்தது. நல்ல ஈயில் அந்த ஜீன் இரண்டு நீளத்தில் ஆர்.என்.ஏ. செய்தி அனுப்புகிறது. தொடக்கம்தான் வேறு, உண்டாகும் புரதம் ஒன்றே. நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அது இரண்டு கோடாகத் தெரிந்தது. ஜீன் கெட்ட ஈயில் ஒன்றுமே இல்லை; அந்தக் கோடுகள் இந்த ஜீனுடையவைதான் என்பதற்கு அதுவே சாட்சி. ஒன்றுமில்லாததைப் பார்த்துக் கைதட்டியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். இத்தனூண்டு பூச்சிக்குள் இவ்வளவு நேர்த்தியா என்று எனக்குச் சிலிர்த்தது. எங்கள் கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "பிரமாதம். இன்னொரு தடவை பண்ணுங்க."

பார்வையாளர்

அடுத்த வாரம் அப்பா லேபுக்கே வந்துவிட்டார், மருந்து படாத மக்காச்சோளத்தோடு. மைக்ராஸ்கோப்பில் ஈயைக் காட்டினேன். காலமெல்லாம் பூச்சியோடு மல்லுக்கட்டிய மனுஷன், வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை. கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இது அதுங்களுக்கு ஒத்துக்குதான்னு பாத்துட்டு ஒரு போன் போடு பாப்பா."

பூச்சி செத்தால் நிம்மதியாகத் தூங்கும் ஊரில், பூச்சி சாப்பிட்டதா என்று தினமும் விசாரிக்கும் வீடு இப்போது எங்களுடையது ஒன்றுதான்.