வீரையா பிரித்த அடுப்படி

"ஐயா, அடிமைகளுக்கு விடுதலைன்னு சொன்ன மறுநாள், அவங்க யார் வீட்டுல கண்ணு முழிச்சாங்க?"

பல வருடங்களுக்கு முன், நான் வரலாறு நடத்திய ஆறாம் ஆண்டு வகுப்பில் கலா கேட்டது. பலர் பழைய முதலாளியின் குடிசையில்தான், வேலையை விட்டால் குடிசையும் போய்விடும் என்றேன். "எங்க லயம் மாதிரியா?" என்றாள், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பிள்ளை. நம்மவர்கள் அடிமைகளாக அல்ல, கூலிகளாக வந்தவர்கள் என்று திருத்தினேன். வீட்டைப் பற்றி அவள் சொன்னதில் திருத்த எதுவும் இல்லை.

போன மாதம் அவள் தந்தை வீரையா தோட்ட வேலையில் ஓய்வுபெற்றார். வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தால்தான் லயத்து வீடு நிலைக்கும். ஈப்போ மருத்துவமனையில் தாதியாக இருக்கும் கலா, வேலையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் பெயர் கொடுக்கப் போவதாகப் போனில் சொன்னாள். மறுநாளே கிளம்பினேன்.

ஈப்போவில் காலை எட்டு மணிக்குப் பேருந்து. கோலா தெர்லாவிலிருந்து திரிங்காப் வரை காய்கறி லோரிகளின் பின்னால் ஊர்ந்து, பத்தரைக்குத் தானா ராத்தா. அங்கிருந்து வாடகைக் கார், முப்பது வெள்ளி. "லயத்துல பாக்க என்னா இருக்கு சார்? டீ கடையில எறக்கி விடுறேன்லா, வியூ நல்லாருக்கும்" என்றார் ஓட்டுநர். மறுத்துவிட்டேன்.

நான் போனபோது வீரையா கூரைமேல் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். லயத்தில் முன்னறைகள் இரண்டும் தோட்டத்துச் சொத்து. பின்னால் இருக்கும் அடுப்படி, குடியிருப்பவர்கள் தகரமும் பலகையும் வாங்கித் தாங்களே கட்டிக்கொள்வது. போகும்போது பிரித்து எடுத்துப் போவது வழக்கம். மகளின் திட்டம் காதில் விழுந்ததும், வீட்டைக் காலி செய்யத் தோட்டம் தந்த காலக்கெடுவுக்குக் காத்திராமல் மனிதர் ஏறிவிட்டார்.

"வாங்க வாத்தியாரே. காப்பி கேட்டுடாதீங்க, அடுப்பு மொதல்லயே லோரிக்குப் போயிருச்சு" என்றார் அவர் மனைவி.

எனக்கு முன்பே வந்துவிட்டிருந்த கலா என்னிடம் முறையிட்டாள். "நீங்களாச்சும் சொல்லுங்க ஐயா. நான் பேர் குடுத்தா இவங்க இங்கயே இருக்கலாம்."

வீரையா இறங்காமலே சொன்னார்: "நீ பேரு குடுத்தா வீடு நிக்கும்லா. நீயும் இங்கயே நிக்கணும். அப்புறம் உன் மவ நிக்கணும். போதும்மா."

மேலிருந்து இறங்கிய தகரத்தை நான் பிடித்துக்கொண்டேன். கலா குந்தி உட்கார்ந்து, அப்பா கீழே போட்ட வளைந்த ஆணிகளை ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தத் தொடங்கினாள். வீரையா அடுத்த ஆணியை அவள் பக்கமாகப் போட்டார்.

தகரத்தையும் பலகையையும் ஏற்றிக்கொண்டு லோரி, வீரையாவோடும் மனைவியோடும் லெம்பா பெர்த்தாமுக்குப் போயிற்று. அங்கே அவர்கள் மகன் காய்கறி போடுகிறான். அந்த நிலமும் குத்தகைதான். முழு விடுதலை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் கலா மறுநாள் காலைப் பேருந்தில் ஈப்போ வேலைக்குத் திரும்பினாள்.

நீங்கள் போவதானால் வார நாளில் போங்கள், வார இறுதியில் சாலை நகராது. மதியத்துக்குமேல் மழை வரும், குடை அவசியம். லயத்தில் யாரிடமாவது அனுமதி கேட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அவரவர் கட்டிய அடுப்படியைப் பாருங்கள்.