முதல் தாளக்காரரின் மனைவி

எங்கள் ஊரில் கல்யாணமென்றால் மேளம் நாங்கள்தான். முரசு ஒன்று, சேகண்டி ஒன்று, கைத்தாளம் இரண்டு ஜோடி. சேகண்டி என்னுடையது. சேகண்டிக்காரனை எவன் பார்க்கிறான்? எல்லாரும் பார்ப்பது தாளக்காரர்களைத்தான். முதல் தாளம் அடித்துவிட்டு இடைவெளி விடும், அதில் இரண்டாம் தாளம் விழ வேண்டும். வேகம் ஏற ஏற அந்த இடைவெளி அரிசி அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போதும் விழ வேண்டும்.

முதல் தாளம் பெங் ஷோகென். இரண்டாம் தாளம் டோஃபு விற்கும் பெண், சின் யூலான். "ரெண்டு பேர் அடிக்கிற மாதிரியா இருக்கு? ஒரே ஆளோட ரெண்டு கை" என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்தவள் ஷோகெனின் மனைவி தியான் சியாங்யுன்.

மலைச்சரிவில் சோளம் போடுவாள், பன்றி வளர்ப்பாள். அடுப்புக்கு மேல் தொங்கும் புகையிறைச்சியை யார் வந்தாலும் வெட்டித் தருவாள். யூலானுக்கும் தருவாள், எலும்பாகப் பார்த்து. தப்பாக ஒன்றும் நடக்கவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பொறாமை குறையவில்லை, சண்டை போட வழியில்லாமல் போனதுதான் மிச்சம்.

"நான் கூப்பிட்டா காதுலயே விழாது. அவ தோளை அசைச்சா போதும், இவருக்குப் புரிஞ்சிடுது" என்று என் மனைவியிடம் பொருமினாள்.

ஒரு குளிர்காலம் முழுக்கச் சட்டி மூடிகளை வைத்து அடித்துப் பழகினாள். கேட்டது பன்றிகள்தான். கை படிந்ததும் நேராக யூலானின் கடைக்குப் போய் நின்றாள்.

"வர்ற கல்யாணத்துக்கு நான் அடிக்கறேன்."

"தாராளமா அடிங்கக்கா. எனக்கும் தோள் வலிக்குது" என்று சொல்லிவிட்டு யூலான் டோஃபு வெட்டப் போய்விட்டாள். அவள் அப்படிச் சுலபமாக விட்டுக்கொடுத்ததே சியாங்யுனுக்கு எரிச்சல்.

மாப்பிள்ளை வீட்டு மேளம் பெண் வீட்டு வாசலுக்கு வந்ததும் இரண்டு மேளமும் எதிரெதிரே நின்று அடிக்கும். எது தன் தாளத்தை விட்டு மற்றதன் தாளத்துக்குள் போய் விழுகிறதோ அது தோற்றது. அந்தக் கல்யாணத்தில் நாங்கள் பெண் வீட்டு மேளம். சியாங்யுன் ஒரு அடிகூடப் பிசகவில்லை. எதிர் மேளம் வேகத்தை ஏற்றியது. முரசுக்காரர் ஷோகெனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவன் பார்க்காதவன்போல அதே வேகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் எங்களைத் தங்கள் தாளத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தோற்றவர்களுக்குரிய சோளச் சாராயத்தை ஆளுக்கொரு கிண்ணம் குடித்தோம். புதிதாக அடிப்பவளுக்கு இது பிரமாதம் என்று எல்லாரும் சியாங்யுனைப் பாராட்டினார்கள்.

திரும்பும் வழியில் அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் நடந்தார்கள்.

"ஏன் வேகத்த ஏத்தல?"

"நீ திணறிடுவியேன்னுதான்."

"திணறினேனா?"

"இல்ல. நல்லாத்தான் அடிச்ச."

"அவளுக்காக என்னைக்காவது இப்படி மெதுவா அடிச்சிருக்கீங்களா?"

ஷோகெனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நிஜமாகவே புரியாமல் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"யூலானுக்கா? அவளுக்கு எதுக்கு?"

சியாங்யுன் நின்று, கைத்தாளத்தை என் கையில் திணித்துவிட்டு, எங்கள் இருவரையும் விட்டு விறுவிறுவென்று முன்னால் போனாள். "இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?" என்று ஷோகென் என்னைக் கேட்டான்.