கீழ பாத்த அம்புக்குறி

நான் பிரவுசிங் சென்டர்ல வேலை பாத்தேன்னா எவனும் நம்ப மாட்டான். படிச்சது ரெண்டாப்பு, அதுலயும் மழைக்காலம் பூரா மட்டம். கூட்டுறது, தொடைக்கிறது, கம்ப்யூட்டரைப் போட்டு விடுறது, இம்புட்டுத்தான் சோலி. வெளிய மட்டும் ஆபரேட்டருன்னு சொல்லிக்கிட்டுத் திரிவேன்.

கடை கொடைக்கானல் டவுனுக்கு வெளிய, மேல ஏறுற ரோட்டுல இருந்துச்சு. போன் லைன் கெடையாது. பக்கத்து லாட்ஜுல இருந்து மொதலாளி வைஃபைல இழுத்திருந்தாரு. கம்ப்யூட்டர்ல அதைப் பிடிக்கிற கார்டெல்லாம் அரதப்பழசு.

கேரட் காட்டுல கூலிக்குப் போற பெரியவரு ஒருத்தரு வருவாரு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து இங்க அனுப்பி வச்ச ஆளு. தங்கச்சி அங்கேயே நின்னுருச்சு. கப்பல் ஏறுனப்ப பாத்த மொகம், அதுக்கப்புறம் பாக்கவே இல்ல. அந்தம்மாவுக்கு நெஞ்சுல ஆபரேசன், திங்கக்கெழமை ஆஸ்பத்திரில சேக்குறாங்க. அதுக்கு மொத நாளு மகன்காரன் அங்க ஹட்டன் டவுன்ல ஒரு கடைக்குக் கூட்டியாந்து கேமரா முன்னாடி உக்கார வைக்கிறதா ஏற்பாடு.

சனிக்கெழமை வந்து, "தம்பி, மொகம் தெளிவாத் தெரியுமா?"ன்னாரு.

"பல்லுல ஒட்டுன கீரை வரைக்கும் தெரியும் பெரியவரே."

"அவளுக்கு இப்பப் பல்லு இருக்கோ என்னவோ."

சிரிச்சோம். அவரு போனதும் ஸ்கிரீன்ல பொட்டி மாதிரி ஒண்ணு வந்து என்னமோ கேட்டுச்சு. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. எது கேட்டாலும் வலது பக்கப் பட்டன், அதான் என் படிப்பு. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அமுக்குனேன். புதுசா என்னமோ ஏறுது, ஏறட்டும், நாளைக்குப் பளிச்சுன்னு தெரியட்டும்னு வேற நெனச்சேன்.

மறுநா வெள்ளனே வெளுத்த வேட்டியோட வந்துட்டாரு. ஒண்ணுலயும் வைஃபை இல்ல. அணைச்சேன், போட்டேன், கார்டைப் பிடுங்கி ஊதிச் சொருகுனேன்.

"டவுன்ல வேற கடை பாப்பமா தம்பி? பஸ்ஸு நிக்குது."

"ஆபரேட்டரு நான் இருக்கேன்ல!"

பஸ்ஸு போயிருச்சு. தங்கச்சி மகன் என் செல்லுக்குக் கூப்புட்டு அந்தம்மாட்ட குடுத்தான்.

"அண்ணே, ஒங்களக் காணோமே. இங்க கறுப்பாத்தான் தெரியுது."

"அது நான்தாண்டி. வெயில்ல இன்னும் கறுத்துட்டேன்."

சிரிச்சுக்கிட்டேதான் செல்லக் குடுத்தாரு. என் மூஞ்சியப் பாக்கல.

ஆபரேசன் பண்ணி அந்தம்மா கண்ணு முழிக்கல.

வியாழக்கெழமை திண்டுக்கல்லுல இருந்து ரிப்பேர்காரரு வந்தாரு. "யாரோ அப்டேட்டுக்குச் சரின்னு அமுக்கிருக்காங்க, கெர்னலு மாறிருச்சு. அதான் கம்ப்யூட்டரோட மூளை. கார்டை ஓட்டுற புரோகிராமு இருக்குல்ல, டிரைவரு, கையெழுத்து இல்லாத பழைய டிரைவரை இனிமே உள்ள விடாது, பாதுகாப்புக்குன்னு புது ரூலு"ன்னாரு.

"சனிக்கெழமை வரைக்கும் ஓடுன கார்டுதானங்க?"

"பழைய கெர்னலும் உள்ளயேதான் கெடக்கு. போடுறப்ப இந்த லிஸ்டு வருதுல்ல, கீழ பாத்த அம்புக்குறிய ஒரு தட்டு தட்டிப் பழசை எடுக்கணும்." தட்டுனாரு. வைஃபை வந்துருச்சு.

அந்த லிஸ்டு அன்னைக்கும் என் கண்ணு முன்னாடி வந்துச்சு. அணைச்சு அணைச்சுப் போட்டேனே, ஒவ்வொரு தடவையும் வந்துச்சு.

பெரியவருக்கு ஆளனுப்புனேன். வந்தாரு. மருமகன் ஹட்டன்ல அதே கடையில இருந்து கேமராவைத் திருப்பி, "மாமா, இந்தச் சேர்லதான் அம்மா உக்காந்திருந்திச்சி"ன்னான். செவப்புப் பிளாஸ்டிக் சேரு, ஒரு கையி உடைஞ்சிருந்துச்சு.

பெரியவரு கண்ணாடியக் கழட்டி வேட்டில தொடச்சு மாட்டி, ஸ்கிரீன் கிட்டக்கப் போயிப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

"தெளிவாத்தான் தெரியுது தம்பி"ன்னாரு.