கயிறு கழற்றிய பிறகு

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் கைப்பையின் அறுந்த வாரைத் தைக்கக் கொடுத்தேன். ஈரத் தோல் வாசனை வந்ததும் பத்து வயசுக்குப் போய்விட்டேன்.

உப்பளத்தைத் தாண்டி, அப்பா வேலை பார்த்த குதிரை லாயம். அங்கே சவாரி சொல்லிக்கொடுத்த மேரி அக்கா, குதிரையை நீளக் கயிற்றில் பிடித்து, நடுவில் நின்று வட்டமாகச் சுற்றவிடுவார். மூன்று மாதம் எனக்குக் கடிவாளமே தரவில்லை. "முதல்ல ஒழுங்கா உக்காரு" என்பார். தொடையெல்லாம் எரியும்.

ஒருநாள் கடிவாளத்தைக் கொடுத்துக் கயிற்றைக் கழற்றினார். "எங்க வேணா போடி."

நான் அதே வட்டத்தில்தான் சுற்றினேன்.

"ஏய், கயிறு இல்லடி!" என்று கத்தினார்.

வாரைத் தைப்பவரிடம், "சீக்கிரம்ணா, ஆறு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும்" என்றேன்.

அந்தச் சட்டம் போட்டவரை விவாகரத்து செய்து இரண்டு வருஷமாகிறது.