ரதம் நிற்கும் வாசல்

எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியில் வீடு வாங்க நினைப்பவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பட்டவள் என்ற மரியாதை. நல்ல நாள் பார்த்து வீடு பார்க்கப் போகாதீர்கள் என்று சொன்னால் முறைக்கிறார்கள். அதனால் கதையை முதலிலிருந்தே சொல்லவேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஓர் ஆசை. தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் ரதம் எங்கள் சொந்த வாசலில் வந்து நிற்கவேண்டும். அவர் தம் கையால் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, தம் வாசலுக்கு எதிரே தேங்காய் உடைக்கவேண்டும். அக்கரையில் பட்டர்வொர்த் மாடி வீட்டில் இருந்த காலமெல்லாம் அதிகாலையில் கடல் தாண்டி வந்து, யாரோ ஒருவர் கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் தட்டோடு நிற்போம். கடைக்காரர் கதவைத் திறந்தால் ஒதுங்குவோம், மூடினால் மறுபடி ஒட்டிக்கொள்வோம். "வருஷா வருஷம் அடுத்தவன் வாசல்லயே நின்னு கும்பிடுறோம்" என்று திரும்பும் வழியெல்லாம் புலம்புவார்.

பிள்ளைகள் வேலைக்குப் போனதும் வீடு தேட ஆரம்பித்தோம். சிம்பாங் அம்பாட்டில் புது வீடு, கார் நிறுத்த இடம், வாசலில் காவலாளி என்று மகள் படம் படமாக அனுப்பினாள்.

"அங்க ரதம் வருமா?" என்று கேட்டார். அதோடு சிம்பாங் அம்பாட் முடிந்தது.

இவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். ஒரு திருகாணி மயிரிழை பிசகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிற ஆள். வீடு பார்ப்பதில் மட்டும் சும்மா இருப்பாரா? போகிற வீட்டில் எல்லாம் சுவரைத் தட்டினார், தரையில் எலுமிச்சம்பழத்தை உருட்டினார், கைப்பேசியில் திசை பார்த்துக்கொண்டே கழிவறைக்குள் போய் வெகுநேரம் வராமல் இருந்தார். ஆனால் எந்த நாளில் போவது என்பதை மட்டும் பஞ்சாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். வளர்பிறையாக இருக்கவேண்டும்; அஷ்டமி, நவமி ஆகாது. அதனால் நாங்கள் போனதெல்லாம் பஞ்சமி, சப்தமி, தசமிதான்.

கடைசியில் அகப்பட்டது கடலுக்குப் பக்கத்தில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு வீடு. அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். நடுவில் கூரையே இல்லை.

"மழை உள்ளேயே பெய்யுமே தம்பி?" என்று தரகரிடம் கேட்டேன்.

"அதான்க்கா இந்த வீட்டுக்கே அழகு."

பழைய வீட்டில் எதைக் குறை சொன்னாலும் அதுதான் அழகு. பாரம்பரியக் கட்டடமாம்; ஜன்னலை மாற்றக்கூடாது, முகப்பில் கைவைக்கக்கூடாது. சுவருக்குச் சிமெண்டு ஆகாது, சுண்ணாம்புதான் பூசவேண்டும், ஏனென்றால் சுவர் மூச்சு விடுமாம். மாடி வீட்டில் நாங்களே மூச்சு விட இடமில்லாமல் இருந்தோம். இங்கே சுவருக்கு அந்த வசதி.

"ரதம் இந்தப் பக்கம் வருமா?" என்று கேட்டார் இவர்.

"நேரா உங்க வாசல்லயே நிக்கும் லா அண்ணே."

இவர் கண் கலங்கிவிட்டது. தரகர் தம்பி பிழைக்கத் தெரிந்தவர், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

முன்பணம் கொடுக்கப் பௌர்ணமி நாளை எடுத்தார். நல்ல நேரம் உச்சிவேளையில் அமைந்தது. இவர் பட்டுவேட்டியில், நான் வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டோடு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றோம். குளியலறைப் பக்கம் யாரோ கொப்பளிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. பார்த்தால், தண்ணீர் போகவேண்டிய ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மெதுவாக, உரிமையோடு, நடுவீடு வரைக்கும் வந்தது. இவர் வேட்டியை ஒரு சாண் தூக்கினார். பிறகு இன்னொரு சாண். வெளியே என் செருப்பு ஒன்று சாக்கடைப் பக்கம் மிதந்து போனது.

பக்கத்து வீட்டு அக்கா, மிளகாய்த்தூள் வியாபாரம் செய்கிற முஸ்லிம் அம்மா, தம் வாசலில் இருந்த செருப்புகளை நிதானமாகப் பெஞ்சுமேல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கடல்தாம்மா. பௌர்ணமி, அமாவாசைன்னா வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிடும். இங்க இது வழக்கம்தான் லா" என்றார், வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப்போல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வந்ததெல்லாம் அரை நிலா நாள்கள். அந்த நாள்களில் கடல் அவ்வளவாக ஏறாது. நாங்கள் நல்ல நாள் பார்க்கப் பார்க்க, அதுவும் நல்ல பிள்ளையாக நடித்திருக்கிறது.

"இதுவும் அழகுதானா தம்பி?" என்றேன். தரகர் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

இவர் என் கையிலிருந்த தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது ஒரு காரணம், கணுக்கால் அளவுக்கு. ஆனால் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன்.

"ரதம் வர்றப்பவும் தண்ணி ஏறுமாக்கா?"

"ரதம் காலையிலயே போயிடும். தண்ணி மத்தியானம்தானே வரும்."

திரும்பி வந்து, "எந்திரிங்க, தட்டை மாத்திக்குங்க" என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னொரு செருப்பும் போனால்கூடப் பரவாயில்லை.

வாங்கினோம். ஓட்டைக்கு அடைப்பான் வாங்கினோம், குளிர்சாதனப் பெட்டியைக் கல்மேல் ஏற்றினோம். பஞ்சாங்கத்துக்குப் பக்கத்திலேயே கடல் ஏறி இறங்கும் அட்டவணையையும் மாட்டினோம். நேரம் பார்ப்பது இப்போது இரட்டை வேலை.

தைப்பூசம் வந்தது. ரதம் வருகிற நாளன்று இருட்டிலேயே எழுந்து, வாசலுக்கு எதிரே சாலையோரம் தேங்காய்களைக் குவித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் தட்டு. கதவைத் திறந்தால் எதிரே முதுகுகள். அஞ்சடியில் எள் போட இடமில்லை.

"தள்ளாதீங்க அண்ணே, நாங்க விடியறதுக்கு முன்னயே வந்து இடம் பிடிச்சோம்" என்றாள் ஒரு பெண், திரும்பாமலே.

"இது எங்க வீடும்மா."

"வீடு உங்களதுதான். அஞ்சடி எல்லாருக்கும் பொதுதானே லா?"

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நான் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். ரதம் வந்தது, தரகர் சொன்ன மாதிரியே நேராக எங்கள் வாசலில் நின்றது. இவர் நிலைப்படியிலேயே மாட்டிக்கொண்டார். அந்தப் பெண்தான் கையை நீட்டித் தட்டை வாங்கினாள். அது தலைகளுக்கு மேலாகக் கை மாறிக் கை மாறிக் குருக்களிடம் போனது. அதேபோலத் திரும்பி வந்தது. தேங்காயை யார் யாரோ உடைத்தார்கள்.

ரதம் நகர்ந்ததும் அந்தப் பெண்ணின் கணவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "வருஷா வருஷம் அடுத்தவன் வாசல்லயே நின்னு கும்பிடுறோம்."

இவர் இரண்டு கதவையும் முழுக்கத் திறந்தார்.

"உள்ள வாங்க தம்பி, எல்லாரும் வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போலாம். மத்தியானத்துக்குள்ள கெளம்பிடுங்க, அப்புறம் கடல் வந்துடும்."